பிறந்த வீட்டுக் கோடி

மண்ணூரில் அன்றைக்கு எல்லோருக்கும் ஒரு வேலை இருந்தது. சாமியானா கட்ட ஒருத்தன், ஐஸ் பெட்டி கொண்டுவர ஒருத்தன், மேளக்காரர்களுக்கு டீ வாங்க ஒருத்தன். பெண்டாட்டியைப் பறிகொடுத்த பொன்னுரங்கத்துக்கு மட்டும் ஒரு வேலையும் இல்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, துக்கம் கேட்க வருகிறவர்கள் நீட்டும் கையைத் தொட்டுத் தொட்டு விட்டுக்கொண்டிருந்தார்.

ஏலவார்குழலி விடியற்காலையில் போய்விட்டாள். குடித்தனக்காரப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் பிடிக்க மோட்டார் போட்டவள், நெஞ்சு என்னமோ செய்கிறது என்று தொட்டி ஓரமாக உட்கார்ந்தாள். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மஞ்சள் குங்குமத்தோடு போன மகராசி என்று வருகிறவர்கள் எல்லாம் சொன்னார்கள். சொல்லிவிட்டு, தெருமுனைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்கள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் பொன்னுரங்கத்துக்குத் தெரியும். அதனால்தான் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார்.

சுமங்கலியாகச் செத்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிப் புடவை வரவேண்டும். அண்ணனோ தம்பியோ கொண்டுவந்து போர்த்தவேண்டும். புருஷன் வீட்டில் எத்தனை பட்டுப்புடவை அடுக்கியிருந்தாலும், கடைசியாக அவள் உடுத்திக்கொண்டு போவது பிறந்த வீட்டுப் புடவையைத்தான். குழலிக்கு ஒரே அண்ணன். பெயர் கோதண்டம். இருப்பது சேரப்பணஞ்சேரியில். ரோடு காலியாக இருந்தால் பைக்கில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் அந்தக் கோதண்டம் இந்த வாசலில் கால் வைத்துப் பல வருஷம் ஆகிறது.

மகன் உதயசூரியன் காலையிலேயே மாமன் வீட்டுக்குப் போன் போட்டிருந்தான். அத்தை சந்திரம்மாள் எடுத்து ஓவென்று அழுதாள். பிறகு பின்னாலிருந்து மாமனின் குரல் கேட்டது. அதை அவன் அப்பனிடம் வந்து அப்படியே சொன்னான்.

"சொல்ல வேண்டியவங்க வந்து சொல்லட்டும்ன்றாரு நைனா."

"நீ சொன்னா சொன்ன மாதிரி இல்லியாமா? புள்ளதானே நீனு."

"என்னைக் கேட்டா? உன்னதான் சொல்றாரு. உனுக்குப் புரியலயா?"

புரியாமல் என்ன. பொன்னுரங்கத்தின் அக்கா சின்னப்பொண்ணு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து தம்பியின் முன்னால் நின்றாள். பங்காளிகளில் ஒருத்தன், குழலிக்கு அண்ணன் முறை ஆகிற யாரையாவது பிடித்து ஒரு புடவையை வாங்கிப் போர்த்திவிடலாம் என்று யோசனை சொல்லியிருந்தான். அது கிழவியின் காதில் விழுந்துவிட்டது.

"எவனையோ புடிச்சாந்து கோடி போட அவ இன்னா அநாதையா? கூடப் பொறந்தவன் குத்துக்கல்லாட்டம் உக்காந்துகீறான். பொழுது சாயறதுக்குள்ள எடுத்தாவணும். நீ போய் கூப்டுகினு வா. இல்லன்னா இந்தப் பொணத்த எடுக்க நான் வுடமாட்டேன்."

"நான் இங்க இல்லாம எப்டிக்கா..."

"நீ இங்க இருந்து இன்னாத்தக் கிழிச்ச?"

அக்காளுக்கு நாக்கு எப்போதுமே கொஞ்சம் நீளம். ஆனால் அன்றைக்கு அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

பின்பக்க ரூமில் குடியிருக்கும் இசக்கிபாண்டி பைக்கை எடுத்தான். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். ஒரகடத்தில் கார் பார்ட்ஸ் கம்பெனியில் லைனில் நிற்கிறவன். முதல்நாள் நைட் ஷிப்ட் பார்த்த கண் சிவந்திருந்தது. அழுததிலும் சிவந்திருந்தது.

"ஏறுங்க அண்ணாச்சி. நல்லாப் புடிச்சிக்கிடுங்க."

வண்டி ரோட்டில் ஏறியது. வீட்டில் இருந்தவரை பொன்னுரங்கத்துக்கு வராத அழுகை, காற்று முகத்தில் அடித்ததும் வந்தது. நல்லவேளை, முன்னால் உட்கார்ந்திருக்கிறவனுக்குத் தெரியாது.

குழலி மண்ணூருக்கு வாழ வந்தபோது இந்தப் பக்கமெல்லாம் நெல்லும் வேர்க்கடலையும்தான். வரப்பில் அண்டை வெட்டினாள், நாற்று நட்டாள், மாடு மேய்த்தாள். பிறகு கம்பெனிகள் வந்தன. நிலம் போனது. மிச்சமிருந்த இடத்தில் பொன்னுரங்கம் வரிசையாக ரூம் கட்டி வாடகைக்கு விட்டார். கட்டியது அவர், கட்டிக் காத்தது அவள். எந்த ரூமில் யாருக்கு எந்த ஷிப்ட் என்பது அவளுக்கு அத்துப்படி. காலை ஷிப்ட் பையன்கள் தூங்கிப்போய்விட்டால் கரண்டியால் கிரில் கேட்டைத் தட்டித் தட்டி எழுப்புவாள். "பஸ் பூடும்டா, எய்ந்திரு!" என்று தெருவுக்கே கேட்கும். பெண்பிள்ளைகள் ஓ.டி. முடிந்து வர நேரமானால் வாசல் விளக்கை அணைக்கமாட்டாள். லீவு கிடைக்காமல் பொங்கலுக்கு ஊர் போக முடியாத பிள்ளைகளை எல்லாம் உட்காரவைத்துச் சோறு போடுவாள். "தாய் மூஞ்ச பாக்காத பண்டிகை இன்னா பண்டிகை" என்று அவர்களுக்காக மூக்கைச் சிந்துவாள்.

அப்படி ஊரான் வீட்டுப் பிள்ளைகளுக்காக மூக்கைச் சிந்தியவள் பொங்கலுக்குத் தன் அண்ணன் முகத்தைப் பார்க்க முடியவில்லையே என்று ஒரு நாளும் அழுததில்லை. அதாவது, பொன்னுரங்கம் பார்க்க அழுததில்லை.

எல்லாம் மகள் பூர்ணிமாவின் கல்யாணத்தில் ஆரம்பித்தது. கல்யாணப் பெண்ணின் நெற்றியில் முதல் பட்டம் கட்டுவது தாய்மாமன் உரிமை. அதைக் கோயில் மரியாதை மாதிரி வைத்துப் பார்ப்பார்கள். அன்றைக்குக் கோதண்டம் வர நேரமாகிவிட்டது. ஒரகடம் கூட்ரோட்டில் ஏதோ கம்பெனிக்கு மிஷின் ஏற்றிவந்த பெரிய டிரெய்லர் திரும்ப முடியாமல் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. முன்னாலும் போகமுடியாமல் பின்னாலும் போகமுடியாமல் பஸ்கள் நின்றன. கோதண்டம் சீர்த்தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கி நடந்தார்.

இங்கே மண்டபத்தில் பொன்னுரங்கம் வேறு ஒரு உலகத்தில் இருந்தார். கையில் புதுக் காசு, கழுத்தில் புதுச் செயின். லேஅவுட் போடுகிற பெரிய மனிதர் ஒருத்தர் நாலு வண்டியோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அடுத்த கல்யாணத்துக்குப் போகவேண்டும். ஐயர் நேரமாகிறது என்றார். குழலி ஓடி வந்து புருஷன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணன் வந்துகினே கீதாம், ஒரு அஞ்சு நிமிசம் பொறுங்க."

பொறுத்திருந்தால் என்ன குடி முழுகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் பெரிய மனிதர் எழுந்து வேட்டியைச் சரி செய்தார். பொன்னுரங்கத்துக்குப் பதறிவிட்டது. "நீங்களே கட்டுங்க தலைவரே" என்று பட்டத்தை அவர் கையில் எடுத்துக் கொடுத்துவிட்டார். மாமன் முறையும் இல்லை, மச்சான் முறையும் இல்லை. கட்டிவிட்டு அந்த ஆள் போட்டோவுக்குச் சிரித்தார்.

வேர்த்து விறுவிறுத்து கோதண்டம் உள்ளே வந்தபோது பூர்ணிமாவின் நெற்றியில் பட்டம் மின்னியது. அவர் தட்டை இறக்கவே இல்லை.

"மாமன் செத்துட்டான்னு நெனச்சிட்டீங்களா மாப்ள?"

சபை முழுக்க வேடிக்கை பார்த்தது. மன்னிப்புக் கேட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். பெரிய மனிதர் முன்னால் மன்னிப்பா? பொன்னுரங்கத்தின் வாயில் சனி உட்கார்ந்திருந்தது.

"நேரத்துக்கு வராத மாமன் இருந்தா இன்னா, செத்தா இன்னா?"

கோதண்டம் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பி நடந்தார். அதற்குப் பிறகும் தங்கச்சிக்காக அந்த மனுஷன் ஒருதரம் இறங்கி வந்தார். தலைப்பொங்கலுக்கு பூர்ணிமா புருஷனோடு வந்திருந்த நேரம் பார்த்து, மஞ்சள் கொத்து, கரும்பு, ஒரு புடவை எல்லாம் எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். அரக்குக் கலரில் பச்சைக் கரை போட்ட புடவை. பொன்னுரங்கம் அவரை உள்ளே கூப்பிடவில்லை. "இங்க எவளும் புடவைக்கு நாதியில்லாம கெடக்கல" என்று நின்ற வாக்கிலேயே திருப்பி அனுப்பினார். குழலி கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அண்ணன் தெரு திரும்புகிறவரை பார்த்துவிட்டு உள்ளே போய் பொங்கல் பானையை இறக்கினாள். அன்றைக்கு எல்லோருக்கும் அவளே பரிமாறினாள்.

வண்டி ஒரகடத்தை நெருங்கும்போது கம்பெனி பஸ்கள் வரிசையாக எதிரே வந்தன. இசக்கிபாண்டி திரும்பாமல் பேசினான்.

"ஆச்சிக்கு அண்ணன் ஒருத்தரு இருக்காருன்னே எனக்கு இன்னைக்குத்தான் தெரியும் அண்ணாச்சி. நாலு வருசமா அவங்க கையால திங்கேன், ஒரு வார்த்த சொன்னதில்ல பாத்துக்கிடுங்க."

அவள் எப்படிச் சொல்லுவாள்? ஒருதரம் வாய் திறந்தாள். அண்ணனுக்கு மஞ்சள் காமாலை என்று பூக்காரி மூலமாகச் சேதி வந்த சமயம். பொன்னுரங்கம் கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள்.

"ஒரு எட்டு போயி எங்க அண்ணன பாத்துட்டு வந்துடட்டுமா?"

சத்தியமாகச் சொன்னால், அந்த நேரத்தில் பொன்னுரங்கத்துக்கு மச்சான்மேல் துளிக் கோபம்கூட இல்லை. அதெல்லாம் எப்போதோ வடிந்துவிட்டது. வீம்பு மட்டும்தான் காய்ந்துபோய் ஒட்டிக்கொண்டிருந்தது. 'போயிட்டு வா' என்று சொல்லத்தான் வாயெடுத்தார். அப்போது பார்த்து வாடகை கொடுக்க இரண்டு பேர் வாசலில் வந்து நின்றார்கள். அவர்கள் காதில் விழுமே, பொன்னுரங்கம் இறங்கிவிட்டான் என்று பேசுவார்களே என்று தோன்றியது. அவ்வளவுதான்.

"அந்தப் பேச்ச இனிமே இந்த வூட்ல எடுக்காத" என்றார்.

அவள் சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். எடுக்கவில்லை. ஒரே ஒரு தடவை, பேத்தி கனிஷ்காவுக்குக் காது குத்தும்போது, தாய்மாமன் உதயசூரியன் மடியில் குழந்தை வீறிட்டு அழுதபோது, குழலி சிரித்துக்கொண்டே, "பூர்ணிமாவுக்குக் குத்தசொல்லவும் இதே மாதிரிதான், எங்க..." என்று ஆரம்பித்தாள். புருஷன் பக்கத்தில் நிற்பதைப் பார்த்தாள். பேச்சை அப்படியே விட்டுவிட்டு, குழந்தை வாயில் சர்க்கரையைப் போட்டாள். அன்றைக்குப் பொன்னுரங்கத்துக்குச் சுருக்கென்று இருந்தது. இந்த ஆடி போகட்டும், நாமே கூட்டிக்கொண்டு போகலாம் என்று நினைத்துக்கொண்டார். ஆடி போனது. அடுத்த ஆடியும் போனது.

கூட்ரோட்டில் வண்டி நின்றுவிட்டது. முன்னால் ஒரு கண்டெய்னர் லாரி குறுக்கே நின்று திணறிக்கொண்டிருந்தது. பின்னால் ஷேர் ஆட்டோக்கள் ஹாரன் அடித்தன. இசக்கிபாண்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புகுந்து பார்த்தான். வழி இல்லை. பொன்னுரங்கம் வெயிலில் உட்கார்ந்திருந்தார். வீட்டில் அவள் காத்துக்கொண்டிருக்கிறாள். பொழுது சாய்ந்துவிட்டால் எடுக்கமுடியாது. வண்டியை விட்டு இறங்கி ஓடலாமா என்று தோன்றியது. இதே இடத்தில் ஒரு மனுஷன் தலையில் தட்டோடு இறங்கி ஓடினானே, அவனுக்கு அன்றைக்கு எப்படிப் பதறியிருக்கும் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"அண்ணாச்சி, அழாதீங்க. வழி விட்டுட்டான்" என்றான் இசக்கிபாண்டி.

சேரப்பணஞ்சேரி வீட்டு வாசலில் ஒரு குட்டியானை வண்டி நின்றது. அதில் கோதண்டத்தின் சொந்தக்காரர்கள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். கோதண்டம் குளித்து முழுகி, வெள்ளை வேட்டி கட்டி, படிக்கு உள்பக்கம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். மடியில் ஒரு தாம்பாளம். அதில் மஞ்சள், குங்குமம், பூ. நடுவில் ஒரு புடவை. அரக்குக் கலரில் பச்சைக் கரை.

சந்திரம்மாள்தான் முதலில் பேசினாள்.

"காலையிலயே குளிச்சிட்டு இப்டி உக்காந்துகினு கீறாரு. ஒரு வாய் காப்பி குடிக்கல. போங்க, தங்கச்சியாச்சேன்னு நாங்க அல்லாரும் சொல்லிட்டோம். படிய தாண்டமாட்டேன்றாரு."

வழியெல்லாம் பொன்னுரங்கம் என்னென்னவோ சொல்லக் கோர்த்துக்கொண்டு வந்திருந்தார். அந்தப் புடவையைப் பார்த்ததும் ஒன்றும் மிஞ்சவில்லை. கையைக் கூப்பினார்.

"மச்சான். குழலி பூட்டா. வந்து கோடி போடுங்க."

கோதண்டம் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தாம்பாளத்தோடு எழுந்தார். படியைத் தாண்டி வந்து குட்டியானையில் ஏறிக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது பொன்னுரங்கத்துக்கு.

மண்ணூருக்குத் திரும்பி வரும்போது வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கோடி கொண்டுவருகிறவர்கள் நேராக வீட்டுக்கு வந்துவிடக்கூடாது. தெருமுனையில் நிற்பார்கள். வீட்டுக்காரர்கள் மேளத்தோடு போய் அழைத்துவர வேண்டும். உதயசூரியனும் பங்காளிகளும் மேளக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பொன்னுரங்கம் முன்னால் போய் நின்றார். மேளம் முழங்கியது. எல்லோரும் நடக்கத் தொடங்கினார்கள். கோதண்டம் மட்டும் அசையவில்லை. கையைத் தூக்கினார். மேளம் நின்றது.

"மாப்ள, ஒன்னே ஒன்னு கேக்கறேன். சொன்னாதான் உள்ள வருவேன்."

"கேளுங்க மச்சான்."

"இத்தினி வருசத்துல என்னைப் பத்தி எதுனா சொன்னாளா? ஒரு வார்த்த? அன்னிக்கு சீரத் திருப்பி அனுப்பசொல்ல அவளும் உள்ளதானே இருந்தா. வெளிய வரல. எனுக்கு காமாலை வந்து சாவக்கெடந்தேன். அப்பவும் வரல. அவளுக்கும் என் மேல கோவம்தான்னு நான் நெனச்சிகினு கீறேன். அவ கோவத்தோட போயிருந்தா, நான் எந்த மூஞ்ச வச்சிகினு போத்தறது?"

தெருவே காது கொடுத்து நின்றது. உதயசூரியன் அப்பனைப் பார்த்தான். சின்னப்பொண்ணு வாசலில் இருந்தே பார்த்தாள். பொன்னுரங்கத்துக்கு ஒரு பொய் நாக்கு நுனியில் வந்து நின்றது. 'கடைசியா உங்க பேரதான் சொன்னா மச்சான்.' அதைச் சொன்னால் மச்சான் அழுவார், ஊரே அழும், மேளம் அடிக்கும். யாருக்கும் நஷ்டமில்லை. செத்தவள் வந்து இல்லை என்று சொல்லப்போவதில்லை.

ஆனால் அதைச் சொன்னால், அவள் வாயைப் பொத்திக்கொண்டு இருந்த அத்தனை வருஷமும் இல்லை என்று ஆகிவிடும். அதையும் அவளிடமிருந்து பிடுங்கிக்கொள்ள அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

"ஒரு வார்த்த சொல்லல மச்சான்" என்றார். "உங்க காமாலைக்கு வரணும்னு எங்கிட்ட கேட்டா. நான்தான் அந்தப் பேச்ச எடுக்காதன்னுட்டேன். அப்பால அவ எடுக்கவே இல்ல. எனுக்கு உங்க மேல கோவம்கூட இல்ல அப்ப. நாலு பேர் பாக்கறாங்களேன்னு சொன்னேன். அதப் போயி கடைசி வரிக்கும் கேட்டுகினு இருந்தா. அவ உங்க மேல கோவமா இல்ல. அல்லாம் நான்தான்."

ஊருக்கு முன்னால் பொன்னுரங்கம் இறங்கிப் பேசியது அதுதான் முதல்தடவை. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. இதற்கா இத்தனை வருஷம் பயந்தோம் என்று இருந்தது அவருக்கு.

கோதண்டம் தாம்பாளத்தைக் குனிந்து பார்த்தார். கண்ணீர் புடவைமேல் விழுந்தது. அதைப் பதறிப்போய்த் துடைத்தார்.

"கோவம் இல்லயா. அப்டின்னா போதும்" என்றார். மேளத்துக்குக்கூடக் காத்திருக்காமல் வீட்டைப் பார்த்து நடந்தார். பொன்னுரங்கத்தைத் தாண்டிப் போகும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. பொன்னுரங்கத்துக்கு என்ன கிடைக்கவேண்டும் என்பது அவர் கவலை இல்லை.

பெண்கள் குழலியைக் குளிப்பாட்டி, பொன்னுரங்கம் அறுபதாம் கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்புடவையை ஒதுக்கி வைத்துவிட்டு, அண்ணன் கொண்டுவந்த புடவையை உடுத்தினார்கள். பூர்ணிமா அம்மாவின் நெற்றியில் பெரிதாகக் குங்குமம் வைத்தாள். கனிஷ்கா பாட்டியின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சில்லென்று இருக்கிறதே என்று அம்மாவிடம் கேட்டாள். அரக்குக் கலர் குழலிக்கு எடுப்பாக இருந்தது. அவள் நிறத்துக்கு அதுதான் பொருந்தும் என்று அண்ணனுக்குத் தெரிந்திருக்கிறது.

முகம் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று குரல் வந்தது. கோதண்டம் தங்கச்சியின் தலைமாட்டில் குந்தினார்.

"குழலி, அண்ணன் வந்துகீறேன் பாரும்மா" என்றார். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொன்னுரங்கம் மறுபக்கம் வந்தார். உதயசூரியன் பிடிக்க வந்த கையை விலக்கிவிட்டு, முட்டி போட்டு உட்கார்ந்தார். பெண்டாட்டியின் காதுப் பக்கம் குனிந்தார்.

"உங்க அண்ணன் வந்துகீறாரு குழலி. பேசு. நான் ஒன்னும் சொல்லமாட்டேன். யாரு வேணா பாக்கட்டும். நான்தான் சொல்றேன் இல்ல, பேசு. அண்ணன்கிட்ட ஒரு வார்த்த பேசு."

சொல்லிவிட்டு அவள் வாயையே பார்த்தார். வாழ்நாள் முழுக்க அவர் சொன்ன சொல்லைத் தட்டாதவள், அதை மட்டும் கேட்கவில்லை.